புகை படிந்த மண்: ஆலை விபத்துக்குப் பின் டெல்டா வயலைச் சோதிப்பது எப்படி?

ரசாயனக் கிடங்கோ ஆலையோ எரிந்து அடங்கிய மறுநாள் காலையில் சுற்றுவட்டார ஊர்களில் கேட்கும் முதல் கேள்வி, "மண்ணு கெட்டுப்போச்சா?" என்பதுதான். உடனே யாராவது மண்வெட்டியோடு வயலில் இறங்கி, வேளாண் துறை சொல்லிக்கொடுத்தபடி 15 செ.மீ. ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, மண்ணை வழித்து, துணிப்பையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். முடிவு 'இயல்பு' என்று வரும். உரச் சிபாரிசுக்கு அந்த முறை சரியானது. புகையைப் பிடிக்க அது உதவாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. புகையோடு வந்த நுண்துகள் மண்ணின் மேல்தோலில்தான் படியும். ஈரமும் உழவும் தொடாதவரை முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு சதுர மீட்டரில் 2 செ.மீ. தடிப்புக்கு உள்ள மண்ணின் எடை சுமார் 26 கிலோ (கன மீட்டருக்கு 1,300 கிலோ என்று கொண்டால்). 15 செ.மீ. தடிப்புக்கு 195 கிலோ. ஓரிடத்தில் மேல் 2 செ.மீ. மண்ணில் ஈயம் கிலோவுக்கு 48 மி.கி., அதே இடத்தில் அடிமண்ணில் 18 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்தது கிலோவுக்கு 30 மி.கி. அதை 26-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 780 மி.கி. ஈயம் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்திருந்தால் இந்த 780 மி.கி., 195 கிலோவில் பரவி வெறும் 4 மி.கி. கூட்டியிருக்கும். தாளில் 22 என்று வரும். 18-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். விழுந்த ஈயம் என்னவோ ஒன்றேதான்.

இத்தாலியின் செவெசோவில் 1976 ஜூலை 10-ஆம் தேதி டையாக்சின் என்ற கொடிய நச்சின் மேகம் பரவியபோது, மண்டலங்களை அவர்கள் ஒரு கிலோ மண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கில் பிரிக்கவில்லை. சதுர மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றுதான் பிரித்தார்கள். 50 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள பகுதி 'ஏ' மண்டலம் ஆயிற்று, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பரப்புக் கணக்கில் சொன்னால் ஆழத்தை வைத்து யாரும் எண்ணைக் குறைத்துக் காட்ட முடியாது. இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வருவதும் அதே விஷயம்தான்: எந்த ஆழம், எந்த நாள், எதனோடு ஒப்பிட்டது. இந்த மூன்றும் இல்லாத ஆய்வறிக்கையால் பயனில்லை.

எரிந்தது என்ன என்று முதலில் தெரிய வேண்டும்

பட்டியல் இல்லாமல் மண் எடுப்பது, நோய் தெரியாமல் ரத்தம் எடுப்பது மாதிரி. சில வாயுக்கள் ஆளைக் கொல்லும், மண்ணில் தங்காது. குளோரின் கசிந்தால் இலை கருகும், மண்ணில் மிஞ்சுவது சாதாரண குளோரைடு. நாகை, வேதாரண்யம் பக்கம் கடல்காற்றே அதைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பதால் அங்கே அதைத் துப்பாகக் கொள்ளவே முடியாது. அமோனியாவும் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாறிவிடும். 1984-ல் போபாலைத் தாக்கிய மீத்தைல் ஐசோசயனேட், தண்ணீரோடு வினைபுரிந்து அழியக்கூடியது. அங்கே இன்றைக்கும் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்துக்கொண்டிருப்பது, ஆலை வளாகத்திலும் ஆவியாக்கும் குட்டைகளிலும் கொட்டப்பட்ட கழிவு.

மண்ணில் தங்குபவை வேறு. பி.வி.சி. குழாய், மின்கம்பி உறை, குளோரின் கலந்த பூச்சிக்கொல்லி ஆகியவை எரிந்தால் டையாக்சின், ஃபியூரான். ஒரு டன் சுத்தமான பி.வி.சி. எரிந்தால் 580 கிலோ அளவுக்கு ஹைட்ரஜன் குளோரைடு அமில வாயு வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். எண்ணெய், தார், டயர் எரிந்தால் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் (அரைகுறையாக எரிவதில் உண்டாகும் நச்சுச் சேர்மங்கள், இனி சுருக்கமாக ஹைட்ரோகார்பன்). டயரில் துத்தநாகமும் சேர்ந்து வரும். பூச்சிக்கொல்லிக் கிடங்கு என்றால் எரியாமல் புகையோடு பறந்த மருந்தே படிந்திருக்கும். பழைய கொட்டகை என்றால் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு வெடித்துச் சிதறியிருக்கும். தீயணைக்க நுரை அடித்திருந்தால் ஃபுளோரின் சேர்மங்கள். நுரையின் பெயரைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பட்டியலை எங்கே வாங்குவது? 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி பெரிய விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் ஆலை நிர்வாகம் உரிய அதிகாரிக்கு அறிக்கை தர வேண்டும். அந்த விதிகளுக்குள் வரும் பெரிய ஆலை என்றால், வளாகத்துக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். அதில் ரசாயனங்களின் பெயரும் இருப்பளவும் வரும். ஊருக்குள் இருக்கும் உர, மருந்துக் கிடங்குகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வராது. அங்கே இருப்புப் பதிவேட்டையும் கடைசியாக வந்த சரக்கு ரசீதையும்தான் நம்ப வேண்டும்.

புகை போன வழி

டெல்டா தட்டையான நிலம். மலையோ மேடோ தடுக்காததால் புகை, காற்று தள்ளிய பக்கம் ஆப்பு வடிவில் நீளும். ஆனி, ஆடியில் மேலக்காற்று, புகை கிழக்கே கடலைப் பார்த்துப் போகும். ஐப்பசிக்கு மேல் வாடையும் கொண்டலும் அதை உள்நாட்டுக்கு, தென்மேற்கே தள்ளும். கடலோர வட்டங்களில் இதை நம்பி வரைபடம் போட்டால் தப்பாகும். பகலில் கடலுக்குப் போன புகையைப் பிற்பகலில் எழும் கடல்காற்று ஊருக்குள் திருப்பிக்கொண்டு வரும். ஆறு மணி நேரம் எரிந்திருந்தால் ஒரே விபத்துக்கு இரண்டு ஆப்பு இருக்கலாம். நாகப்பட்டினம், காரைக்கால், அதிராம்பட்டினம் வானிலை நிலையங்களின் அன்றைய காற்றுத்திசைப் பதிவை மணிவாரியாக வாங்குங்கள். ஊர் மக்களின் செல்போன் படங்களும் வீடியோக்களும் அதைவிட உதவும். கோயில் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ தெரியும் படமாக, நேரத்தோடு சேகரியுங்கள்.

இன்னொரு விஷயமும் தப்பிப்போகும். கொழுந்துவிட்டு எரியும்போது வெப்பம் புகையை மேலே தூக்கிவிடும், மதில் ஓரம் சுத்தமாக இருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கரி கொட்டும். தீ அடங்கிப் புகையும்போது, குறிப்பாக மார்கழிப் பனியில், புகை தரையோடு தவழ்ந்து பக்கத்துத் தெருவிலேயே படியும். நடுவில் தூறல் விழுந்திருந்தால் அந்தத் தூறல் விழுந்த திட்டில் மட்டும் படிவு பல மடங்கு. ஆகவே 'எத்தனை மணிக்கு எரிந்தது' என்று ஒரு வரியில் எழுதாமல், எத்தனை மணி வரை கொழுந்து, எத்தனை மணி வரை புகைச்சல், எப்போது தூறல் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

வயல் எந்த நிலையில் இருக்கிறது

ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில வாரங்களில் சேறு கலக்கிவிடுவார்கள். கலக்கிய பிறகு மேல்தோல் என்ற ஒன்று அந்த வயலில் கிடையாது. 15 செ.மீ. வரை எடுத்து, மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால் முதல் வேலை, சந்தேகப்படும் பகுதியில் நான்கைந்து நாளுக்கு உழவையும் பாய்ச்சலையும் நிறுத்தச் சொல்வது. முடியாதென்றால் மூலையில் பத்தடிக்குப் பத்தடி இடத்தையாவது உழாமல் விடச் சொல்லுங்கள்.

நட்ட வயலில் தண்ணீர் நின்றால் படிவு நீர்ப்பரப்பில் மிதக்கும், பிறகு சேற்றின் மேல் மெல்லிய சளிபோல் இறங்கும். அவசரப்பட்டு வடித்தால் உங்கள் கரி அடுத்தவர் வயலுக்குப் போகும். நீரையும் சேற்றின் மேல் ஒரு சென்டிமீட்டரையும் தனித்தனிப் புட்டிகளில் எடுங்கள்.

அறுவடைக்குப் பின் உளுந்து, பயறு நிற்கும் பங்குனிக் களிமண்தான் ஏமாற்றும். விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். மேலே விழுந்த கரி அந்த வெடிப்பில் இறங்கி ஓரடி ஆழத்தில் கிடக்கும். ஒப்பீட்டுக்கென்று எடுக்கும் அடிமண்ணில் இது கலந்தால், 'ஆழத்திலும் அதே அளவு இருக்கிறது, ஆக இது பழைய மாசு' என்று தப்பான முடிவு வரும். வெடிப்புகளுக்கு நடுவே உள்ள பாளத்தின் மையத்தில் மட்டும் எடுங்கள். வெடிப்புக்குள் இருப்பதைத் தனியாக ஒரு புட்டியில் சேர்த்தால் அதுவும் சாட்சிதான்.

எல்லா வயலும் கலைந்துவிட்டதா? வரப்பைப் பாருங்கள். அதன் தலைப்பகுதியை ஏர் தொடாது. ஆனால் ஆண்டுக்கொரு முறை அண்டை வெட்டிச் சேறு பூசுவார்கள், விபத்துக்குப் பிறகு பூசியிருந்தால் அதுவும் போயிற்று. தென்னந்தோப்பின் நடு இடைவெளி, பள்ளி மைதானம், ஊர்த் திடல், பயன்படாத களம் ஆகியவை நல்லவை.

தவிர்க்க வேண்டிய இடங்கள் நிறைய: மரநிழல், கூரைத் தாழ்வாரம் (தகரத்திலிருந்து துத்தநாகம் சொட்டும்), தார்ச்சாலையிலிருந்து 15 மீட்டருக்குள், வைக்கோல் கொளுத்திய கரித் திட்டு, போகிக்கு டயர் எரித்த முச்சந்தி, செங்கல் சூளை அருகு, மருந்து டப்பா எறியும் வரப்பு மூலை. நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் போடும் வயலில் துத்தநாகம் மேல்மண்ணில் கூடித்தான் இருக்கும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. உரங்களோடு காட்மியமும் கொஞ்சம் வரும். வெற்றிலைக் கொடிக்காலில் செம்புக் கலவை அடித்திருப்பார்கள். நிலத்துக்காரரிடம் கடந்த மூன்று போகத்தில் என்ன போட்டார் என்று கேட்டு, மாதிரி எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

எத்தனை இடம், எவ்வளவு தூரம்

புகை ஆப்பின் மையக்கோட்டில், விபத்து நடந்த இடத்திலிருந்து 250 மீட்டர், 500 மீட்டர், 1, 2, 4, 8 கிலோமீட்டர். அதன் இருபுறமும் 25 பாகை விலகிய கோடுகளில் 500 மீட்டர், 1, 2, 4 கிலோமீட்டர். காற்றுக்கு எதிர்த்திசையில் குறைந்தது மூன்று இடம். பத்துக்கு ஒன்று வீதம் இரட்டை மாதிரி, அதாவது அதே இடத்தில் மறுபடி எடுத்து வேறு எண் போட்டு அனுப்புவது. மேல்மண்ணில் மட்டும் ஏறக்குறைய இருபது மாதிரி வரும். கூடவே பாதி இடங்களிலாவது 15 முதல் 20 செ.மீ. ஆழத்து மண்.

எதிர்த்திசை இடத்தைத் தேர்வதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. களிமண்ணில் உலோகங்கள் இயல்பாகவே கூடுதல், மணலில் குறைவு. காவிரி, வெண்ணாற்றுப் பாசனத்தின் பழைய டெல்டாக் களிமண்ணை, கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மணலோடு ஒப்பிட்டால் விபத்தே நடக்காத நாளிலும் 'மாசு' தெரியும். களிக்குக் களி, மணலுக்கு மணல். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் அலுமினியம், இரும்பு அளவையும் கேட்டு வாங்கி, அவற்றோடு விகிதம் பாருங்கள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, எஃகுக் கரண்டி, 10-க்கு 10 செ.மீ. எஃகு அல்லது பெயின்ட் அடிக்காத மரச் சட்டம், அளவுகோல், அலுமினியத் தாள், 250 மி.லி. பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், கெட்டியான பாலித்தீன் ஜிப் பைகள், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை (இடத்துக்கு ஒரு ஜோடி), காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், தூரிகை, தெர்மாகோல் பெட்டி, பனிக்கட்டி. முகத்துக்கு என்95 மூடி. அது தூசிக்குத்தான், வாயுவுக்கு ஆகாது. இன்னும் புகைந்துகொண்டிருக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

நாகமுலாம் பூசிய தகரக் கரண்டியும் பெயின்ட் அடித்த மண்வெட்டியும் உலோக முடிவைக் கெடுக்கும். ஊறுகாய் பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் மூடியின் ரப்பரில் எண்ணெய் இருக்கும், அதில் கரிமப் பொருள் சோதனைக்கு மண் போடக் கூடாது. டையாக்சின், ஹைட்ரோகார்பனுக்குக் கண்ணாடி. உலோகத்துக்குப் பாலித்தீன். நுரையின் ஃபுளோரின் சேர்மத்துக்கு மட்டும் கண்ணாடியும் ஆகாது, டெஃப்லானும் ஆகாது, பாலிபுரொப்பிலீன் புட்டிதான். எழுத்துக்கு பென்சில். பனிக்கட்டி நீர் பட்டதும் பேனா மை கரைந்து, வீட்டுக்கு வந்தால் இருபது பெயரில்லாப் புட்டிகள் மிஞ்சும்.

எடுக்கும் முறை

1. பத்து மீட்டர் சதுரம் குறியுங்கள். மையத்திலும் நான்கு மூலைக்கு உட்புறமாகவும் ஐந்து இடம். மையத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு, நான்கு திசைப் படம்.

2. புல் இருந்தால் தரையோடு கத்தரித்துத் தனிப்பையில் போடுங்கள், உதறாதீர்கள். பாதிப் புகை புல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சருகும் தனி.

3. சட்டத்தை வைத்து அழுத்தி, உள்ளே உள்ள மண்ணைச் சரியாக 2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் வெட்டிக் கரண்டியால் எடுங்கள். ஐந்து இடமும் சேர்ந்தால் 1,000 கன செ.மீ., ஏறக்குறைய 1.3 கிலோ. ஈரக் களியில் குழாய்த் துளைப்பான் வேண்டாம். மண் ஒட்டி அழுந்தி, நீங்கள் 2 என்று நினைப்பது 4 ஆக இருக்கும்.

4. எஃகுத் தட்டில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைச் சேர்த்து, புட்டிகளை நிரப்புங்கள். கரித்துண்டு, ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் கலவையில் சேர்க்காமல் அளவுகோலோடு படம் எடுத்துத் தனியே வையுங்கள்.

5. அதே சட்டத்தின் நடுவில் குழி தோண்டி, பக்கச் சுவரைச் சுத்தக் கத்தியால் சீவிவிட்டு, 15 முதல் 20 செ.மீ. வரை உள்ள மண்ணைப் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் மேல்மண் உதிர்ந்து விழும்.

6. கருவியைச் சோப்பு நீர், வடித்த நீர், கடைசியாக அசிட்டோன் என்று கழுவிக் காயவிட்டு அடுத்த இடம். குறைந்த மாசு உள்ள இடத்தில் தொடங்கி விபத்து நடந்த இடத்தை நோக்கி வாருங்கள், மாறிப் போகாதீர்கள்.

7. 4 பாகை குளிரில் ஆய்வகத்துக்கு. ஹைட்ரோகார்பன் மாதிரியை 14 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். பாதரசம் 28 நாள். மற்ற உலோகங்கள் ஆறு மாதம் தாங்கும். வெயிலில் காயவைப்பது, மிக்ஸியில் அரைப்பது எல்லாம் கூடாது.

களத்திலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். 10 கிராம் மண், 25 மி.லி. வடித்த நீர், அரை மணி நேரம் விட்டு விட்டுக் கலக்கி, அமில-கார அளவு பாருங்கள். பழைய டெல்டா மண் பெரும்பாலும் 7-க்கு மேல்தான். மேல் ஒரு சென்டிமீட்டர் மட்டும் அடிமண்ணைவிட ஒரு புள்ளி குறைந்திருந்தால் அமிலப் புகை வந்திருக்கிறது. சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த களி அமிலத்தை விழுங்கிவிடும், அதனால் மாற்றம் தெரியாவிட்டால் புகையே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. நிலத்துக்காரரிடம் மண்வள அட்டை இருந்தால் கேளுங்கள். விபத்துக்கு முந்தைய அமில-கார அளவும் உப்பளவும் அதில் அச்சாகி இருக்கும், இலவசமாகக் கிடைக்கும் முன்னாள் பதிவு அது.

மண் மட்டும் போதாது

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போல வாழை உள்ள ஊர் என்றால் அதிர்ஷ்டம். இலை அகலம், கிடை, மெழுகுப் பூச்சு. படிந்தது ஒட்டிக்கொள்ளும், மண்ணின் பழைய மாசு அதில் கிடையாது. இதைவிடப் பெரிய வசதி, அதே மரத்தில் விபத்துக்குப் பின் விரிந்த குருத்திலை சுத்தமாக இருக்கும். ஏழெட்டு நாளில் ஒரு புது இலை வரும் மரம் அது. பழைய இலையில் 20-க்கு 20 செ.மீ. துண்டு, புது இலையில் அதே அளவு துண்டு. மேற்பக்கம் உள்ளே வரும்படி மடித்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ஒரே மரம், ஒரே மண், நடுவில் ஒரு விபத்து. இப்படிப்பட்ட ஒப்பீடு மண்ணில் கிடைப்பது கடினம். மழை பெய்துவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

மழைபடாத கார் கூரை, சோலார் தகடு, ஜன்னல் கண்ணாடி மேல் 10-க்கு 10 செ.மீ. சதுரத்தை ஈரமான வெள்ளைத் துடைப்புத் தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் துடைத்துப் புட்டியில் போடலாம். பிசுபிசுத்த கறுப்பு வந்தால் எண்ணெய்ப் புகை, சாம்பல் நிறத் தூள் என்றால் பெரும்பாலும் சாதாரணத் தூசி. துடைக்காத ஒரு தாளையும் அதே மாதிரிப் புட்டியில் போட்டு அனுப்புங்கள்.

நாட்டுக்கோழி முட்டையை மறக்காதீர்கள். கோழி நாள் முழுக்க மண்ணைக் கொத்துவதால், கொழுப்பில் சேரும் டையாக்சின் மஞ்சள்கருவில் வந்து நிற்கும். மண் அறிக்கை 'குறைவு' என்று சொல்லும் இடத்திலும் முட்டை காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரே வீட்டுக் கோழிகளின் பத்து முட்டை.

தீயணைத்த தண்ணீர் போன வடிகாலையும் விட்டுவிடக் கூடாது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே பூச்சிக்கொல்லிக் கிடங்கு எரிந்தபோது ரைன் நதியைக் கெடுத்தது புகை அல்ல, தீயணைத்த தண்ணீர். இங்கே அந்தத் தண்ணீர் வடிகால் வாய்க்காலில் இறங்கி, அடுத்த மதகில் பாசனமாகத் திரும்பவும் வயலேறும். ஆலைக்கு மேலே ஓரிடம், கீழே மூன்று இடம், வாய்க்கால் அடிவண்டலின் மேல் 2 செ.மீ. எடுங்கள்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது

வட்டார மண் பரிசோதனை நிலையம் சொல்லும் துத்தநாகம், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு மட்டுமே. உங்களுக்கு வேண்டியது மொத்த அளவு. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அங்கீகாரப் பட்டியலில் 'மண்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் பொருளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீருக்கு ஈயம் பார்க்க அங்கீகாரம் பெற்ற இடம் மண்ணுக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. கண்டறியும் குறைந்தபட்ச அளவை எழுத்தில் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் 'கண்டறியப்படவில்லை' என்று வரும் அறிக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முடிவு உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்கக் கொடுப்பது வீண்செலவு. முதலில் எல்லா மாதிரிக்கும் உலோகம். கையடக்க எக்ஸ்ரே கருவி கிடைத்தால் அதிலேயே பார்க்கலாம், ஈர மண்ணில் அது குறைத்துக் காட்டும் என்பதால் காய்ந்த பிறகு. அடுத்து, எண்ணெய், டயர் எரிந்திருந்தால் ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்க்கும் பதினாறு பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். டையாக்சின் சோதனை மிகவும் விலை கூடியது. முதல் சுற்றில் கூடுதலாகத் தெரிந்த மூன்று இடம், எதிர்த்திசையில் ஒரு இடம், இவ்வளவு போதும். மீதி மண்ணை எறியாமல் உறைநிலையில் வையுங்கள், டையாக்சினுக்கு ஓராண்டு வரை தாங்கும்.

எண்களை வாசிப்பது

மூன்று ஒப்பீடு. மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும், காற்றடித்த திசைக்கும் எதிர்த்திசைக்கும், அருகுக்கும் தொலைவுக்கும். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் புகைதான். மேல்மண் கூடுதல், ஆனால் எதிர்த்திசையிலும் அதே அளவு என்றால் உரம், சாலை, ஊர்ப்பழக்கம். இரட்டை மாதிரிகளுக்குள்ளேயே 30 விழுக்காடு வித்தியாசம் இருந்தால், 20 விழுக்காடு கூடுதல் என்று கொடி பிடிக்க முடியாது.

'அது வைக்கோல் கொளுத்தியதால் வந்தது' என்ற வாதம் கட்டாயம் வரும். அந்தப் பதினாறில் ஃபுளோரான்தீன், பைரீன் இரண்டையும் கூட்டி, அதில் ஃபுளோரான்தீனின் பங்கு 0.5-க்கு மேல் என்றால் வைக்கோல், விறகு, நிலக்கரி எரிந்த சாயல். 0.4 முதல் 0.5 என்றால் பெட்ரோலிய எரிபொருள் எரிந்தது. 0.4-க்குக் கீழே எரியாத எண்ணெய். இது கைரேகை போல உறுதியானதல்ல, சாயல்தான். எதிர்த்திசையிலும் இந்த விகிதத்தைப் பார்த்தபிறகே பேச வேண்டும்.

அளவுகோல் எண்களைப் பார்க்கும்போது நோக்கத்தையும் பாருங்கள். கனடா வேளாண் நிலத்துக்கு ஈயம் கிலோவுக்கு 70 மி.கி., காட்மியம் 1.4, ஆர்செனிக் 12 என்று வைத்திருக்கிறது. டையாக்சினுக்கு 4 நானோகிராம். ஜெர்மனி 1999-ல் குழந்தைகள் விளையாடும் திடலுக்கு டையாக்சின் 100 நானோகிராம் என்று வகுத்தது. இரண்டில் எது சரி என்று சண்டை போட வேண்டாம். முன்னது இயல்பான மண்ணை ஒட்டிய எண், பின்னது நடவடிக்கை தொடங்கும் எண். இந்தியாவில் மாசடைந்த இடங்களை நிர்வகிக்கும் விதிகள் 2025-ல் வந்துவிட்டன. சந்தேகத்துக்குரிய இடத்தை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும் என்கின்றன அவை. உங்கள் ஊரை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆட்சியரிடம் எழுதிக் கொடுப்பது, அறிக்கை கையில் வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை.

நெல்லைப் பொறுத்தவரை, மண்ணில் இருக்கும் அளவும் அரிசியில் ஏறும் அளவும் ஒன்றல்ல. தண்ணீர் நின்றால் ஆர்செனிக் கரைந்து பயிருக்கு ஏறும், காட்மியம் அடங்கும். வடித்துக் காயவிட்டால் தலைகீழ். எது கூடுதல் என்று தெரியாமல் பாசன முறையை மாற்றச் சொல்லக் கூடாது.

சாட்சியாக நிற்க வேண்டுமென்றால்

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் அறிவிப்பு கொடுத்து, ஆலைக்காரர் எதிரிலேயே எடுத்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்கிய மாதிரிக்குத்தான் சட்டப்படியான சாட்சி மதிப்பு. நீங்கள் எடுத்தது துணைச் சான்று. ஆகவே வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் எடுக்கும் நாளில் அதே குழியிலிருந்து பாதி மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் எந்த ஆழத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் படம் பிடியுங்கள், பின்னால் பேச வேண்டியது அதைப் பற்றித்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் உடனிருந்து கையெழுத்திட்டால் நல்லது. புகை காரைக்கால் எல்லையைத் தாண்டியிருந்தால் அங்கே புதுச்சேரியின் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் தனி, இரண்டு இடத்திலும் மனு. 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கவும், பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கவும் ஐந்தாண்டுதான் கெடு.

முடிவு வரும் வரை

மாட்டை அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள். வைக்கோல் போரின் வெளிப்பக்கத்தை ஒரு முழம் உரித்துத் தனியே மூடி வையுங்கள், எரிக்க வேண்டாம். கீரையைச் சாப்பிட வேண்டாம். கோழியை அடைத்து வையுங்கள். உழுது கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் வருவார்கள். அளவு குறைவு என்று உறுதியானால் அது நல்ல வழிதான், உறுதியாகும் முன் செய்தால் மாசும் கலையும், சாட்சியும் கலையும். மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பது வேறு கணக்கு. 2 செ.மீ. என்றாலும் ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 35 டன், ஏக்கருக்கு 105 டன் மண். அதை எங்கே கொட்டுவது என்று முடிவாகாமல் ஜே.சி.பி.யை இறக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை கடைசியில் அதே இடங்களில் மறுபடி எடுங்கள், இம்முறை 0 முதல் 2, 2 முதல் 5, 15 முதல் 20 செ.மீ. என்று மூன்று அடுக்கு. இடத்தை வரப்பை வைத்து அடையாளம் குறிக்காதீர்கள், அடுத்த அண்டை வெட்டில் அது ஒரு முழம் நகர்ந்திருக்கும். மதகுக் கட்டையிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நாடா பிடித்து மீட்டர் கணக்கில் எழுதி வையுங்கள்.